எடுத்துக் களி மக்கா

முக்காலியின் மேல் ஏறி நிற்கிறேன். பல்லிடுக்கில் நூல். வலது கையில் புளியங்கொட்டைப் பசை, இடது கையில் பாதி ஒட்டிய கிறிஸ்மஸ் நட்சத்திரம். ஐந்து மூலையில் மூன்று மூலைக்குத்தான் சிவப்புக் காகிதம் ஒட்டியாயிற்று. நாலாவது மூலை ஒட்ட ஒட்டப் பிடுங்கிக்கொண்டு வருகிறது. மார்கழிக் காற்று வேறு.

கீழே தாசன் நிற்கிறான். அவனுக்கு அப்போது ஐந்து வயது இருக்கும். "இந்தப் பெட்டிய என்ன செய்ய?" என்று கேட்கிறான்.

நான் குனிந்து பார்க்கவில்லை. காகிதம் வந்த அட்டைப்பெட்டியைத்தான் கேட்கிறான் என்று நினைத்தேன். காலையிலிருந்தே அதன் மேல் அவனுக்கு ஒரு கண். நூலை வாயிலிருந்து எடுக்காமலே, "எடுத்துக் களி மக்கா" என்றேன்.

மூன்றே சொல். அந்த மூன்று சொல்லுக்காக நான் பட்ட பாடு இருக்கிறதே, இரண்டாந்தாரமாக வாழ்க்கைப்பட்டு வந்ததற்குக்கூட அவ்வளவு பட்டதில்லை.

தென்னங்காடும் பனங்காடும்

சென்ற வாரம் படிக்காதவர்களுக்காக இரண்டு வரி. நான் பிறந்தது தேங்காய்ப்பட்டணத்துப் பக்கம், தென்னந்தோப்புக்குள். வாழ்க்கைப்பட்டது அஞ்சுகிராமத்தில், ஒரு சவுளிக்கடைக்காரருக்கு. அவருடைய மூத்த மனைவி காய்ச்சலில் இறந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பிள்ளைகள். மூத்தவள் பாக்கியம், ஒன்பது வயது. இளையவன் இந்தத் தாசன். எனக்கு இருபத்திரண்டு. மூக்கின் மேல் கோபம், ஓயாத வாய், இந்த இரண்டும்தான் நான் கொண்டுபோன சீர்.

திருவிதாங்கூர் ராஜ்யத்தின் அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் ஒரு பகல் பயணம்தான். ஆனால் வண்டியை விட்டு இறங்கியதும் வேறு தேசத்துக்கு வந்துவிட்டது போல இருந்தது. மேற்கே பார்த்த இடமெல்லாம் தென்னை, குளம், சேறு. கிழக்கே செம்மண், பனை, காற்று. பேச்சும் அப்படியே மாறிவிட்டது.

போன முதல் வாரம் பக்கத்து வீட்டு அம்மாளிடம், "குடிக்க கொஞ்சம் வெள்ளம் தருவியளா?" என்று கேட்டேன். அவள் வானத்தை அண்ணாந்து பார்த்தாள். மழைக்கான அடையாளமே இல்லை. "வெள்ளமா? எங்க வருது?" என்றாள். எங்கள் பக்கம் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். அவளுக்கு வெள்ளம் என்றால் குளம் உடைத்துக்கொண்டு வருவது.

அன்றிலிருந்து தெருவில் எனக்கு 'வெள்ளக்காரி' என்று பெயர். அது என் காதில் வெள்ளைக்காரி என்று விழுந்தது. நான் நல்ல நிறமாக இருப்பதைத்தான் சொல்கிறார்கள் என்று ஒரு மாதம் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். இதைக் கேட்டு என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த முழக்கோல் கீழே விழுந்தது.

கதவோடு பேசியவள்

தெருவே எனக்குப் பெயர் வைத்த பிறகும் பாக்கியம் வைக்கவில்லை.

தாசன் மூன்றாம் நாளே "சித்தி, சித்தி" என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டான். பாக்கியம் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அம்மை என்று கூப்பிட வேண்டாம், அது அவளைப் பெற்றவளுக்கு உள்ளது, எனக்குத் தெரியாதா? சித்தி என்றாவது சொல்லலாம் அல்லவா? அதுவும் கிடையாது.

மரியாதைக் குறைவு என்று சொல்ல முடியாது. குரலை உயர்த்தமாட்டாள், சொன்ன வேலையைச் செய்வாள். ஆனால் என் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டாள். சோறு வேண்டுமென்றால் பானையைப் பார்த்து, "இன்னும் ஒரு அகப்பை இருக்கா?" என்பாள். பள்ளிக்கூடம் போகும்போது கதவிடம், "போயிட்டு வாறேன்" என்பாள். தலை பின்ன வேண்டுமென்றால் சீப்பைத் தம்பியிடம் நீட்டி, "ஏலே, இதைக் கொண்டு குடு" என்பாள்.

இப்படிப் பத்து மாதம். பத்து மாதமும் ஒரு சின்னப் பெண் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒருத்தியை ஒரு முறைகூடக் கூப்பிடாமல் காலம் தள்ளினாள் என்றால் அந்தச் சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும். நான் மெச்சவில்லை. கொல்லைப்புறத்தில் போய் அழுதேன்.

போதாக்குறைக்கு என் அப்பா. தாயில்லாப் பிள்ளைகள் இருக்கிற வீடு, நீ தாங்குவாயா என்று கல்யாணத்துக்கு முன்பே தயங்கியவர் அவர். "அதெல்லாம் நான் பாத்துக்கிடுவேன்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தவள் நான். மாதம் ஒரு கார்டு எழுதுவார். நாலு வரி சுக விசாரிப்பு. கடைசி வரி மட்டும் எப்போதும் ஒன்றேதான்: 'பிள்ளைகள் உன்னை என்ன விளிக்கியது?'

விளிப்பது என்றால் எங்கள் பக்கம் கூப்பிடுவது. நான் பதிலில் மழையைப் பற்றி எழுதுவேன், மாட்டைப் பற்றி எழுதுவேன், மாமியார் இல்லாத குறையைப் பற்றிக்கூட எழுதுவேன். அந்தக் கேள்வியை மட்டும் தாண்டிவிடுவேன். கார்த்திகைக் கடைசியில் வந்த கார்டில், கிறிஸ்மஸுக்கு மறுநாள் நேரிலேயே வருவதாக எழுதியிருந்தார். கார்டில் தாண்டலாம், நேரில் எப்படித் தாண்டுவது?

துணிக்கட்டில் வந்த படங்கள்

அந்தப் பயத்தில்தான் எனக்குக் கைவேலை யோசனை வந்தது. பிள்ளைகளை வைத்துக்கொண்டு கிறிஸ்மஸுக்கு வேண்டிய நட்சத்திரம், தோரணம், கொடுக்கிற சாமான் எல்லாம் வீட்டிலேயே செய்வோம் என்று அறிவித்தேன். அன்பினால் செய்தேன் என்று சொல்லலாம்தான். உள்ளதைச் சொன்னால் அது ஒரு தந்திரம்.

அந்தக் காலத்தில் சீமைத் துணிக் கட்டுகளின் மேல் ஒரு படம் ஒட்டி வரும். உள்ளங்கை அகலம், பளபளவென்று, பொன்னிறக் கரை போட்டு. ஒன்றில் யானை, ஒன்றில் கிருஷ்ணன், ஒன்றில் மகாராணி, ஒன்றில் புலியின் மேல் பயமில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். வீட்டுக்காரர் ஒவ்வொன்றையும் ஈரத்துணி வைத்துக் கிழியாமல் உரித்து ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். நாள் முழுக்கத் துணியைக் கிழிக்கிறவர், வீட்டில் ஒரு காகிதம் கிழிந்தாலும் பொறுக்கமாட்டார்.

(பின்னால் கதர்க்காரர்கள் கடை முன்னால் வந்து கும்பிட்டுக் கேட்டுக்கொண்டதும் அவர் சீமைத் துணியை விட்டுவிட்டார். தேசத்துக்கு நல்லதுதான். படம் வராமல் போயிற்றே என்று தாசன் மட்டும் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.)

அந்த டப்பாவை வாங்கி வந்து, நடுவீட்டில் பாய் விரித்துக் கவிழ்த்தேன். பக்கத்தில் கத்திரிக்கோல், பனை ஈர்க்கு, கலர்க் காகிதம். புளியங்கொட்டையை வறுத்துத் தோல் போக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சிய பசை ஒரு சட்டி. அந்தப் பசை ஒட்டினால் ஒட்டியதுதான். வாடைதான் தாங்க முடியாது.

பாக்கியம் நான் இருக்கிற அறையில் இருக்கமாட்டாள். ஆனால் பொன்கரை போட்ட படங்கள் பாயில் பரந்து கிடக்கும்போது எந்த ஒன்பது வயதுக்காரியால் அடுக்களையில் இருக்க முடியும்? முதல் நாள் வாசல்நிலையில் நின்றாள். இரண்டாம் நாள் பாயின் ஓரத்தில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முதுகானாலும் பாக்கியத்தின் முதுகு. நான் அதிலேயே மகிழ்ந்துபோனேன்.

என்ன கை அந்தப் பிள்ளைக்கு! தன் அப்பாவுக்கு வேதப்புத்தகத்தில் அடையாளம் வைக்க ஒரு ஓலை, அதன் தலையில் யானைப் படம். தம்பிக்கு ஓலைக் காற்றாடி. ஞாயிறு பள்ளி ஆசிரியைக்கு வாழ்த்து மடல். முட்டையிடாத எங்கள் கோழிக்குக்கூடக் காகிதச் சங்கிலியில் ஒரு மாலை செய்தாள். எனக்கு ஒன்றும் இல்லை. கோழிக்கு உண்டு, எனக்கு இல்லை! வாய்வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

என் பங்குக்கு நான் ஒட்டத்தான் லாயக்கு. தென்னோலை என்றால் பந்து, பாம்பு, பீப்பீ எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். பனையோலை எனக்குப் பணியவே பணியாது. மடக்கினால் முறியும், இழுத்தால் கையை அறுக்கும்.

ஆட்டின் வாயில்

இனி முக்காலிக்கு வருகிறேன்.

நட்சத்திரத்தை ஒட்டி முடித்து, முற்றத்துக் கம்பில் கட்டிவிட்டு இறங்கினேன். அட்டைப்பெட்டி வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. தாசன் கொல்லையிலிருந்து இரண்டு கையையும் தட்டிக்கொண்டு வந்தான்.

"களைஞ்சாச்சு" என்றான்.

"எதை மக்கா?"

"பெட்டிய. உரக்குழியில. நீங்கதானே சொன்னிய?"

களி என்றால் எங்கள் பக்கம் விளையாடு. எடுத்துக் களி என்றால் எடுத்து வைத்து விளையாடு. அஞ்சுகிராமத்துப் பிள்ளைக்கு அது என்ன தெரியும்? அவனுக்குக் களி என்றால் உளுந்தங்களி. களை என்றால் தெரியும், தூக்கி எறி என்று அர்த்தம். வாயில் நூலை வைத்துக்கொண்டு நான் சொன்ன களி, அவன் காதில் களை என்று விழுந்திருக்கிறது. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. கொண்டுபோய் எறிந்துவிட்டான்.

எந்தப் பெட்டி என்று அப்போதும் எனக்குப் புரியவில்லை. கொல்லைக்கு ஓடினேன். பக்கத்து வீட்டு வெள்ளாடு உரக்குழியின் கரையில் நின்று எதையோ சாவகாசமாக மென்றுகொண்டிருந்தது. கடைவாயில் சிவப்புச் சாயம் போட்ட ஓலை தொங்கியது.

பாக்கியம் என்னைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

அது அவளுடைய அம்மை முடைந்த பெட்டி. குருத்தோலையைச் சிவப்பும் பச்சையுமாகச் சாயம் தோய்த்து, இரண்டு கையில் அடங்கும் அளவுக்குச் சின்னதாக முடைந்தது. மகளுக்கு ரிப்பனும் வளையலும் போட்டு வைக்க. பெட்டி முடிந்து மூடியைத் தொடங்குவதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. பாக்கியம் அதைத் துணியில் சுற்றி, தம்பிக்குக்கூடக் காட்டாமல் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள். கிறிஸ்மஸுக்குள் தானே மூடியை முடைந்துவிட வேண்டுமென்று அன்று காலையில்தான் வெளியே எடுத்து வைத்திருக்கிறாள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

ஆட்டின் வாயிலிருந்து பிடுங்கினாள். ஒரு பக்கம் முழுக்கப் போய்விட்டது. மிச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பத்து மாதத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"எங்க அம்மைக்க பெட்டியக் களையச் சொன்னியளா?"

"இல்ல மக்கா, நான் களிக்கத்தான் சொன்னேன். அதும் அட்டைப்பெட்டின்னு நெனச்சு..."

"களையத்தான் சொன்னிய! தாசன் பொய் சொல்லமாட்டான்."

"களின்னா எங்க ஊர்ல விளையாட்டு மக்கா. சத்தியமாச் சொல்லுதேன்."

"அப்பிடி ஒரு பேச்சு எங்கயும் கிடையாது" என்றாள். அழுகை உதடுவரை வந்து நின்றது. என் முன்னால் அழமாட்டேன் என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மத்தியானம் வீட்டுக்காரர் சாப்பிட வந்தார். பெட்டியை வாங்கி, கிழிந்த துணியைப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாதிக்கு மேல நல்லாத்தான் இருக்கு" என்றார். நான் அவரைத் தனியே இழுத்து, "களின்னா என்னன்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கெஞ்சினேன்.

"மேக்க என்னமோ அப்பிடிச் சொல்லுவாவன்னு நினைக்கேன். நிச்சயமாத் தெரியல்லியே" என்று தலையைச் சொறிந்தார். பிறகு கடையில் கூட்டம் என்று போய்விட்டார். அவரோடு எத்தனையோ வருஷம் சந்தோஷமாகக் குடித்தனம் செய்தேன். அந்த ஒரு தலைசொறியலை மட்டும் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. வந்தவள் மூத்த தாரத்தின் பெட்டியைக் குப்பையில் எறியச் சொன்னாளாம். அவர்களைக் குற்றம் சொல்லமாட்டேன். வேறொருத்தியைப் பற்றிக் கேட்டிருந்தால் நானும் நம்பியிருப்பேன்.

பாக்கியம் அன்று சாப்பிடவில்லை. எனக்கும் இறங்கவில்லை. என் பயம் ஒன்றே ஒன்றுதான். இந்தப் பிள்ளை இதை நம்பியே வளர்ந்துவிட்டால், நான் காலமெல்லாம் ஆக்கிப் போட்டாலும் அவளுக்கு இது அந்தப் பெட்டியை எறியச் சொன்ன கைதான்.

ஓலைக்குச் சொன்ன பாடம்

மறுநாள் பனையேறியின் மனைவியிடம் சொல்லிக் குருத்தோலை வாங்கினேன். கிறிஸ்மஸுக்கு நாலு நாள். பாயை விரித்து, தின்றது போக மிஞ்சிய பெட்டியை முன்னால் வைத்து உட்கார்ந்தேன். சாயம் போட்ட ஓலை எந்த வழியாகப் போய் எந்த வழியாக வருகிறது என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன்.

முதல் ஓலை முறிந்தது. இரண்டாவது, விரலை அறுத்தது. மூன்றாவதிலிருந்து ஏதோ ஒன்று வந்தது. அதைப் பெட்டி என்று காக்கைகூட ஒப்புக்கொள்ளாது. பிடிவாதத்துக்கு நானும் குறைந்தவள் இல்லை. அவிழ்த்துவிட்டு மறுபடியும் தொடங்கினேன்.

பாக்கியம் சுவர் ஓரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். நான் ஒவ்வொரு தடவை ஓலையை முறிக்கும்போதும் அந்த முதுகு சற்றே நெளியும். கொஞ்ச நேரத்தில் பக்கவாட்டில் திரும்பியது. மறுநாள் மத்தியானம், எட்டாவது ஓலையோ ஒன்பதாவது ஓலையோ, படக்கென்று முறிந்ததும் அவளுக்குத் தாங்கவில்லை.

"ஐயோ!" என்று எழுந்து வந்து என் கையிலிருந்து பறித்தாள். பறித்துவிட்டு ஓலையிடம் பேசினாள்.

"நனைக்காம மடக்கினா நீ முறியத்தான் செய்வ. உன்னை யாரு காயக் காய மடக்கச் சொன்னது?"

நான் ஓடிப்போய்ச் சட்டியில் தண்ணீர் கொண்டு வந்து வைத்தேன்.

"உன்னை ரெண்டு மேல விடணும், ஒண்ணு கீழ விடணும். பெறவு இடது பக்கமா இழுக்கணும். இறுக்கி இழுக்கணும். சும்மா சவச்சவன்னு இழுத்தா என்னத்துக்கு ஆகும்?"

ஓலை கேட்டுக்கொண்டது. நானும் கேட்டுக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் அவ்வளவு பணிவாக இருந்ததில்லை.

ஆடு தின்ற பக்கத்தை அடைத்து முடித்தோம். வெள்ளை ஓலை. "சாயம் காய்ச்சட்டா மக்கா?" என்று கேட்டேன். பெட்டியைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினாள். "வேண்டாம். எது அம்மைக்க கைன்னு தெரியணும்" என்றாள். நான் மூடிக்கு ஓலையை நனைத்தேன்.

மூடியில் வந்து இருவரும் மாட்டிக்கொண்டோம். பெட்டி முடைவதை அவள் அம்மையின் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறாள், மூடியைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. இரண்டு நாழிகை உட்கார்ந்து முழித்தோம். கடைசியில் நான்தான், "மூடின்னா என்ன? கொஞ்சம் பெரிய பெட்டி. கவுத்துப் போட்டா மூடி" என்றேன். அவள் ஓலையை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "சரிதான்" என்று அதனிடம் சொன்னாள்.

கிறிஸ்மஸுக்கு முதல் நாள் மத்தியானம் மூடி முடிந்தது. அளவு கொஞ்சம் பெரிதாகிவிட்டது, பெட்டிக்கு மேல் தொளதொளவென்று ஆடியது. ஆனாலும் மூடியது. எனக்கு மனசெல்லாம் பூரித்துவிட்டது. எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்து, "ஒருவழியா முடிஞ்சுது, இல்லியா?" என்றேன்.

பாக்கியம் மூடியைத் திறந்து மூடினாள். பெட்டியைப் பார்த்துச் சொன்னாள்: "முடிஞ்சாலும், களையச் சொன்னது சொன்னதுதான்."

தாத்தா கொண்டு வந்த பந்து

கிறிஸ்மஸ் வந்தது. கோயிலுக்குப் போனோம். நாலு பேருக்கும் ஒரே பூப்போட்ட துணியில் புது உடுப்பு, கடையில் விலைபோகாத கட்டிலிருந்து. வீட்டுக்காரரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அவர் சட்டையிலும் பூ. கோழிகூட மாலையோடு திரிந்தது.

மறுநாள் பகல் பத்து மணி வாக்கில் என் அப்பா வந்து இறங்கினார். முதல் நாளே நாகர்கோவில் வரைக்கும் பஸ், விடியுமுன் அங்கிருந்து மாட்டுவண்டி. ஒரு குலை வாழைப்பழம், ஒரு சாக்கு தேங்காய், ஒரு கட்டுத் தென்னங்குருத்து. சும்மா உட்காரத் தெரியாத மனுஷர், வரும் வழியெல்லாம் வண்டியில் இருந்து பந்து பந்தாகப் பின்னித் தள்ளியிருக்கிறார்.

பெட்டி விஷயம் அவருக்கு யாரும் சொல்லவில்லை. நான் மூச்சுவிடவில்லை. சொல்ல வெட்கம்.

முற்றத்துக் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து, காலைக் கழுவி, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுத் தாசனைக் கூப்பிட்டார். கையில் ஒரு பச்சைப் பந்தை வைத்தார்.

"இந்தா மக்கா, எடுத்துக் களி."

தாசன் பந்தைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். முகம் சுருங்கிவிட்டது. "இதையுமா?" என்றான்.

"பின்ன? களிக்கத்தானே தாத்தா கொண்டு வந்தது? போ, வேகம் களி."

பிள்ளை பந்தை நெஞ்சோடு ஒரு தடவை அணைத்துக்கொண்டான். மெதுவாகக் கொல்லைக்கு நடந்தான். உரக்குழியில் போட்டுவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு, கண்ணில் நீர் ஒழுக வந்து நின்றான்.

"ஐயோ, என்னத்துக்கு மோனே நல்ல பந்தக் கொண்டு களைஞ்சே?" என்று அப்பா பதறினார்.

"நீங்கதான் களையச் சொன்னிய!" என்று தாசன் ஓவென்று அழுதான்.

"நான் களையவா பறஞ்சேன்? களிக்கல்லா பறஞ்சேன்!"

நான் அகப்பையும் கையுமாக அடுக்களை வாசலில் நின்றேன். என் வாய் சும்மா இருந்தது என்றால் நம்புவீர்களா? பாக்கியம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவள், மெல்ல முற்றத்தில் இறங்கினாள்.

"தாத்தா, களின்னா என்ன?"

"களின்னா களி. அதுக்கு வேற என்ன பறைய?" என்றவர் எழுந்தார். அறுபது வயது. வேட்டியை மடித்துக் கட்டினார். இன்னொரு பந்தை எடுத்துக் கூரைக்கு மேல் எறிந்தார், எம்பிச் சாடிப் பிடித்தார். மூச்சு வாங்க, "இதாக்கும் களி" என்றார்.

"உங்க ஊர்ல எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுவாவளா?"

"எங்க ஊர்ல ஆடு மாடுகூட களிக்கும் மோளே."

பாக்கியம் சிரிக்கவில்லை. கொல்லைக்குப் போனாள். குழியிலிருந்து பந்தை எடுத்து, கிணற்றடியில் நன்றாகக் கழுவி, பாவாடையில் துடைத்துத் தம்பியிடம் கொடுத்தாள். "ஏலே மடையா, களின்னா விளையாடணும்லே" என்றாள். பிறகு அடுக்களைக்கு வந்தாள்.

"அன்னைக்கு விளையாடத்தான் சொன்னியளா?" கதவிடம் கேட்கவில்லை. என்னிடம்தான் கேட்டாள்.

"ஆமா மக்கா."

"நான் தெருவெல்லாம் சொல்லிட்டேன்."

"போட்டும் மக்கா."

கொஞ்ச நேரம் கால் பெருவிரலால் தரையைக் கீறிக்கொண்டு நின்றாள். சட்டென்று கோபம் வந்துவிட்டது அவளுக்கு. "பின்ன ஏன் வாயில நூல வச்சிட்டுப் பேசினிய? நூல எடுத்துட்டுச் சொன்னா என்ன?" என்று கத்தினாள். கத்தும்போதே அழுதாள். நான் அகப்பையைப் போட்டுவிட்டு அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். உதறவில்லை. இரண்டு பேருமாக அழுத அழுகையில் குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

காலையில் வந்த ஆடு

அப்பா ஒரு நாள் தங்கினார். கார்டில் எழுதும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஆனால் பாக்கியம் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. அவள் என்னிடம் பேசினாள், நிறையவே பேசினாள். ஆனால் கூப்பிடவில்லை.

மறுநாள் விடிந்ததும் வண்டி வந்துவிட்டது. நான் உள்ளே அப்பாவுக்கு வழிச்சோறு கட்டிக்கொண்டிருந்தேன். முற்றத்திலிருந்து ஒரு கூச்சல்.

"களியம்மே! களியம்மே, ஆடு!"

யாரை யார் கூப்பிடுகிறார்கள் என்று யோசிக்க நேரமில்லை. இலையைப் போட்டுவிட்டு ஓடினேன். அதே வெள்ளாடு. காற்றில் சாய்ந்த கம்பிலிருந்து நட்சத்திரத்தை இழுத்து, நான் பாடுபட்டு ஒட்டிய நாலாவது மூலையைத் தின்றுகொண்டிருந்தது. பாக்கியம் ஒரு கையில் பெட்டியை உயரத் தூக்கிப் பிடித்தபடி, மறு கையால் அதன் கொம்பைப் பிடித்து இழுத்தாள். நான் வாலைப் பிடித்தேன். புளியங்கொட்டைப் பசைக்கு அந்த ஆடு வாங்கிய அடி கொஞ்சமல்ல.

ஆட்டை விரட்டிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம். தாசன் தென்னோலைப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான்.

"அக்கா, களியம்மைன்னா விளையாட்டு அம்மையா?"

"ஆமாலே."

"அப்ப நெசம்மா அம்மை இல்லியா?"

பாக்கியம் மூடியைச் சரியாக அழுத்தி மூடினாள். "கூப்பிட்ட உடனே ஓடி வந்தாவல்லா? பின்ன என்னலே?" என்றாள்.

அப்பா வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வழிச்சோற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "மதி மோளே, மதி" என்றார். சோற்றைச் சொல்கிறார் என்று நினைத்த பாக்கியம், "மதின்னா என்ன?" என்று என்னைக் கேட்டாள். போதும் என்று அர்த்தம் என்றேன்.

அதன் பிறகும் மாதம் ஒரு கார்டு வந்தது. நாலு வரி சுக விசாரிப்பு. பழைய கேள்வி இல்லை. கடைசி வரியில் வேறொன்று கேட்கத் தொடங்கினார்: 'ஆடு சுகமாக இருக்கிறதா?'